மிஸ்டு கால் வந்ததும் கத்துங்க

போன் அடித்தது.

குணாளன் அதை எதிர்பார்க்கவில்லை. ஸ்டீயரிங் கையில் ஆடியது. பக்கத்தில் போன மீன் லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு திட்டினான்.

டேஷ்போர்டில் மாட்டியிருந்த போனின் திரையில் பெயர் மின்னியது.

'டயர் கடை.'

"நான் எடுக்கட்டுமா?" என்று ஷர்மினி கையை நீட்டினாள்.

எடுத்தால் குரல் கார் ஸ்பீக்கரில் வரும். ஸ்பீக்கரில் வந்தால் ஷர்மினி கேட்பாள். ஷர்மினி கேட்டால் இந்தக் கதை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடும்...

அவள் விரல் தொடுவதற்குள் குணாளன் சிவப்புப் பொத்தானை அமுக்கினான்.

"டயர் கடைக்காரன் லா. சனிக்கிழமை கூட விட மாட்டேங்கிறான்."

"டயர் நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கு, இருக்கு."

டயர் நன்றாகத்தான் இருந்தது. கெட்டுப்போயிருந்தது அவன் மனசு.

இன்று சாயங்காலத்துக்குள் ஷர்மினி சாக வேண்டும்!

அவனுக்கு வயது முப்பத்தாறு. வீடு மலேசியாவின் ஜொகூரில், தெப்ராவில். வேலை சிங்கப்பூரில், ஒரு கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய், இருட்டிய பிறகு திரும்புகிற ஆயிரக்கணக்கான ஜொகூர்க்காரர்களில் அவனும் ஒருத்தன். மற்றவர்கள் களைப்போடு திரும்பினார்கள். இவன் ஒரு காதலோடு திரும்பினான்.

அவள் பெயர் தேன்மொழி. பட்டறை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நல்ல பெண். தனக்குக் கல்யாணமானதை அவளிடம் குணாளன் மறைக்கவில்லை. அந்த அளவுக்கு யோக்கியன். மனைவிக்குப் புற்றுநோய், டாக்டர் ஆறு மாசம்தான் கெடு கொடுத்திருக்கிறார் என்று மட்டும் கண் கலங்கச் சொல்லியிருந்தான்.

சொல்லிப் பதினாலு மாசம் ஆகிவிட்டது.

ஷர்மினி வாரத்துக்கு மூன்று நாள் பேட்மின்டன் ஆடினாள். காலையில் மூன்று ரொட்டி சானாய் சாப்பிட்டாள். தும்மல் கூட வரவில்லை.

போன வாரம் தேன்மொழி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அக்காவை ஒரு தடவையாவது நேரில் பார்த்து ஆசீர்வாதம் வாங்க வேண்டும், இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வருகிறேன், ஹார்லிக்ஸும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிவிட்டேன் என்றாள். குணாளன் வேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. வீட்டு விலாசத்தைப் பட்டறைக் கோப்பிலிருந்தே எடுத்து வைத்திருந்தாள்.

மீதி இருந்தது எட்டே நாள். எட்டு நாளில் யாருக்கும் புற்றுநோயை வரவழைக்க முடியாது. பாறையிலிருந்து தள்ள முடியும்.

அதனால்தான் இந்தக் கடற்கரைப் பயணம். சாகப்போகிறவளின் கடைசி ஆசை, கடலைப் பார்க்க வேண்டுமாம் என்று தேன்மொழியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

கோத்தா திங்கி தாண்டி ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினான். எண்ணெய் போடும் சாக்கில் இறங்கி, கழிப்பறைச் சுவரோரம் நின்று 'டயர் கடை'யைக் கூப்பிட்டான்.

டயர் கடையின் உண்மையான பெயர் விஜயன். கெட்டுப்போன கார்களை இழுத்துப் போகும் லாரியில் உதவியாள். குணாளனின் கார் ஒரு தடவை நெடுஞ்சாலையில் படுத்துக்கொண்டபோது பழக்கம். சிங்கப்பூரில் வேலையும் பெர்மிட்டும் கிடைத்தால் எதையும் செய்வேன் என்று அன்றைக்குச் சொன்னான். பேச்சுவாக்கில் சொன்னதைக் குணாளன் மனசில் குறித்துக்கொண்டான்.

"ஏன்டா கூப்பிட்ட? கூப்பிடாதன்னு சொன்னேன்ல?"

"ஒரு டவுட்டு பாஸ். மேடத்துக்கு நீச்சல் தெரிஞ்சிருந்தா?"

"தண்ணியில யாருடா தள்ளச் சொன்னா? கீழ பாறை இருக்கிற எடமா பார்த்துத் தள்ளு. போட்டோ எடுக்கிறேன்னு சொல்லி நான் அவள முனையில நிக்க வச்சிட்டு ஒதுங்கிடுவேன்."

"பெர்மிட்டு கண்டிப்பா கெடைக்கும்ல பாஸ்?"

"முடிச்சிட்டு வா. அப்புறம் பேசலாம்."

காருக்குத் திரும்பினான். ஷர்மினி அவனுக்காக ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஐந்து மணிக்கே எழுந்து செய்தது. தலையில் புதுத் தொப்பி. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், எங்கேயாவது போகலாம் என்று. ஓவர்டைம், ஓவர்டைம் என்று தட்டிக்கழித்தவன் திடீரென்று கூப்பிட்டதும், மனுஷன் மாறிவிட்டான் என்று அந்த அப்பாவி நம்பிவிட்டாள்.

முதல் இடம் தஞ்சோங் பாலாவ்.

கரையோரம் கரும்பாறைகள். அலை வந்து மோதி உடைந்தது. குணாளன் ஒரு பார்வையிலேயே இடத்தைத் தேர்ந்தெடுத்தான். உயரமான பாறை, கீழே கூர் கூரான கற்கள், பக்கத்தில் சவுக்கு மரங்கள். தன் காரில் முன்னாலேயே வந்து சேர்ந்த விஜயன் ஏற்கனவே மரங்களுக்குப் பின்னால் போய்விட்டான்.

"ஷர்மி, அந்த முனையில போய் நில்லு. கடல் பின்னாடி வர மாதிரி எடுக்கிறேன்."

அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். பத்தடி... எட்டடி... ஐந்தடி...

பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு கல்யாண ஜோடி எழுந்து நின்றது!

மலாய்க்கார மாப்பிள்ளையும் பெண்ணும், பளபளவென்று உடுத்திக்கொண்டு. கூடவே கேமராக்காரர், அலங்காரம் செய்கிற அம்மாள், பெட்டி தூக்கும் இரண்டு பேர். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பாம். ஷர்மினிக்கு வாயெல்லாம் பல். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கே தைத்தது, யார் பூ வேலை செய்தது என்று மலாயில் விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கேமராக்காரர் குணாளனைப் பார்த்தார். அண்ணன் உயரமாக இருக்கிறார், கொஞ்சம் இதைப் பிடிக்க முடியுமா என்று ஒரு பெரிய வெள்ளித் தட்டியை அவன் கையில் கொடுத்தார். வெயிலைப் பெண்ணின் முகத்தில் திருப்பி அடிப்பதற்கு.

மனைவியைக் கொல்ல வந்தவன், முப்பத்தைந்து நிமிஷம் அடுத்தவன் மனைவியாகப் போகிறவளுக்கு வெளிச்சம் பிடித்தான்!

சவுக்கு மரங்களுக்கிடையில் விஜயனை எறும்பு பிடுங்கிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து செடிலி. ஆறு கடலில் கலக்கிற இடத்தில் ஒரு நீண்ட ஜெட்டி, படகுத்துறை. காற்று பலமாக இருந்தது. ஜெட்டி முனையில் தடுப்புக் கம்பி உடைந்து, மஞ்சள் நாடா மட்டும் கட்டியிருந்தது. அடியில் சிப்பி ஒட்டிய சிமெண்டுத் தூண்களும் பாறாங்கல்லும். குணாளன் சுற்றிலும் பார்த்தான். தூரத்தில் விஜயன் தூண்டில்காரன் மாதிரி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான். ஆள் நடமாட்டமே இல்லை. ஒரே ஒரு பெரியவர் மட்டும் நிஜமாகவே தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஒருத்தர் போதாதா?

பெரியவர் திரும்பினார். தமிழ் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கேட்டார், இந்த நாட்டில் தமிழனைத் தமிழன் பார்த்தால் முதலில் கேட்கிற அந்தக் கேள்வியை.

"எந்தத் தோட்டம்மா நீங்க?"

ஷர்மினி பிறந்தது வளர்ந்தது எல்லாம் குளுவாங் டவுனில். ரப்பர் தோட்டத்தில் ஒரு நாள் கூட வேலை செய்ததில்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத தமிழர் ஜொகூரில் கிடையாது.

"எங்க தாத்தா லாயாங் லாயாங் பக்கம், ஐயா."

"யாரு தாத்தா?"

"ஐயாசாமி."

"மண்டோர் ஐயாசாமியா? ஆளுங்கள மேய்ச்சுக்கிட்டு, கோயில் தலைவராவும் இருந்தாரே, அவரா?"

தொலைந்தது!

பெரியவர் பெயர் வீரமுத்து. அதே தோட்டம். ஐயாசாமியின் பக்கத்து வீடு. ஷர்மினியின் அப்பாவோடு ஒரே வகுப்பு. அவள் இனிமேல் தன்னைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். தூண்டிலைச் சுருட்டி வைத்தார். குணாளனின் தோளில் மீன் வாசனைக் கையைப் போட்டு மாப்பிள்ளை என்றார். அந்தத் தோட்டத்தில் யார் யார் எந்த ஊருக்குப் போனார்கள், யார் மகள் டாக்டரானாள், திருவிழாவில் யார் தீமிதித்துக் காலைச் சுட்டுக்கொண்டார் என்று ஐம்பது நிமிஷம் பேசினார். இடையில் குணாளன் இரண்டு தடவை போட்டோ என்று வாயெடுத்தான். சேர்ந்தே எடுப்போம் மாப்பிள்ளை என்று பெரியவர் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

போதாததற்கு, தூரத்தில் நின்ற விஜயனையும் பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா தம்பி, நீ எந்தத் தோட்டம்?"

விஜயன் எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை. ஓட்டமாக ஓடிவிட்டான்.

கிளம்பும்போது வீரமுத்து சித்தப்பா மூன்று கிலோ மீனை ஐஸ் போட்டுப் பையில் கட்டி டிக்கியில் வைத்தார். வழி அனுப்பும்போது அவருக்குக் கண் கலங்கியது. குணாளனுக்கும் கலங்கியது. அவன் காரணம் வேறு.

அவனால் பொறுக்க முடியவில்லை. ஸ்டீயரிங்கைக் குத்தினான். முன்னால் ஊர்ந்த, செம்பனைப் பழக்குலை ஏற்றிய லாரியைத் திட்டினான். வெயிலைத் திட்டினான்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. பசி."

மெர்சிங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தபோது, சாலையோரம் ஒரு சாப்பாட்டுக் கடை வந்தது. சுட்ட மீனுக்குப் பேர்போனது. மதிய நேரம். ஒரே கூட்டம். ஒரு கார் வெளியே வந்த இடத்தில் குணாளன் தன் காரை நுழைத்தான்.

பின்னாலேயே வந்த விஜயனுக்கு இடம் கிடைக்கவில்லை.

விஜயனுக்குப் பசி உயிர் போனது. காலையிலிருந்து எறும்புக்கடியும் ஓட்டமும்தான். ஆனால் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இவர்கள் கிளம்பிவிட்டால் என்ன செய்வது? யோசித்தான். அவன் அளவுக்கு அது நல்ல யோசனைதான். தன் பழைய காரைக் கொண்டுபோய்க் குணாளனின் காருக்குப் பின்னாலேயே குறுக்கே நிறுத்தினான். இனி இவனை எடுக்கச் சொல்லாமல் அவர்கள் போக முடியாது.

இறங்கினான். கதவைப் பூட்டினான். நாலடி நடந்தான். நின்றான். திரும்பி வந்து கதவைத் திறந்து, ஓர் அட்டையை எடுத்து முன்கண்ணாடிக்குள் நிறுத்தி வைத்துவிட்டுப் போனான்.

அட்டையில் கொட்டை எழுத்தில் அவனுடைய போன் நம்பர்.

அடுத்தவன் காரை மறித்து நிறுத்தினால் நம்பர் வைத்துவிட்டுப் போக வேண்டும். மலேசியாவில் அது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் எல்லாரும் செய்கிறார்கள். கார் ஓட்டப் பழகும்போதே கைக்கு வந்துவிடுகிற பழக்கம். கொலை செய்யப் போகிற அன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று கைக்கு யார் சொல்வது?

உள்ளே குணாளன் நாலு வாய்தான் சாப்பிட்டிருப்பான். வயிறு பிசைந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்த ஆத்திரமெல்லாம் வயிற்றில் இறங்கிவிட்டது போலிருந்தது. முகம் வியர்த்தது. எழுந்து ஓடினான். வந்தான். மறுபடியும் ஓடினான்.

மூன்றாவது தடவை வெளியே வந்தபோது ஷர்மினி பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் காரில் உட்கார்ந்து ஏர்கோன் போட்டு வைக்கிறேன், உங்கள் போனில் சார்ஜ் இல்லை, கொடுங்கள் போடுகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். வயிறு பேச விடவில்லை. சாவியையும் போனையும் அவள் கையில் திணித்துவிட்டு ஓடினான்.

ஷர்மினி காரில் உட்கார்ந்தாள். பாவம், மனுஷனுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று நிஜமாகவே வருந்தினாள். வரும் வழியில், இரண்டு கிலோமீட்டருக்கு முன்னால், ஒரு மருந்துக்கடை பார்த்த ஞாபகம். போய் வயிற்றுவலி மாத்திரை வாங்கி வந்துவிட்டால்?

பின்னால் பார்த்தாள். ஒரு பழைய கார் குறுக்கே நின்றது.

இறங்கிப் போனாள். கண்ணாடிக்குள் நம்பர் இருந்தது. அவளுடைய போனில் லைன் இல்லை. சார்ஜில் போட்டிருந்த குணாளனின் போனை எடுத்தாள். அதன் ரகசிய எண் அவளுடைய பிறந்தநாள். மாற்றினால் சந்தேகம் வரும் என்று குணாளன் மாற்றாமல் வைத்திருந்தான். ரொம்ப ஜாக்கிரதையான ஆள்!

நம்பரைத் தட்டினாள். கடைசி எண் விழுந்ததும் திரையில் பெயர் வந்தது.

'டயர் கடை.'

ஷர்மினி முகத்தைச் சுருக்கினாள். தெப்ரா டயர் கடைக்காரன் இங்கே எதற்கு? காருக்குள் உட்கார்ந்து பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

இரண்டு தடவை மணி ஒலித்தது. கார் முழுக்க ஒரு குரல் நிறைந்தது.

"பாஸ், சாரி பாஸ். காடிய மறிச்சிட்டேனா? ரெண்டே வாய், இதோ வந்துடறேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் குரல் தொடர்ந்தது. வாயில் சோறு இருந்தது.

"பாஸ், அடுத்த எடத்துல கண்டிப்பா முடிச்சிடலாம். மெர்சிங் தாண்டி அந்தப் பாறை இருக்குல்ல, நான் போன வாரமே போய்ப் பார்த்துட்டு வந்து சொன்னேன்ல. மேடத்த போட்டோ எடுக்கன்னு முனைக்கு அனுப்பிட்டு, நீங்க எளநீ கடையில நில்லுங்க. நாலு பேரு உங்களப் பார்க்கணும். நாம பேசி வச்ச மாதிரியே, நான் தள்ளிவிட்டதும் ஒரு மிஸ்டு கால் அடிக்கிறேன். மிஸ்டு கால் வந்ததும், 'ஐயோ, என் பொண்டாட்டி விழுந்துட்டா'ன்னு கத்துங்க. அப்ப உங்க மேல யாருக்கும் சந்தேகம் வராது."

சோறு மெல்லும் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது.

"பாஸ்? ஹலோ? லைன் இல்லையா பாஸ்?"

ஷர்மினி அழைப்பைத் துண்டித்தாள்.

போனை மடியில் வைத்தாள். ஏர்கோன் காற்றில் உடம்பு சில்லிட்டது. காலையிலிருந்து அவன் போட்டோ, போட்டோ என்று சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. ஐந்து மணிக்கு எழுந்து நாசி லெமாக்குக்குச் சம்பால் கிளறியது ஞாபகம் வந்தது. அழுகை முட்டியது. ஏழு வருஷம் இந்த ஆளோடு ஒரே வீட்டில் சோறு தின்று, ஒரே பாயில் படுத்து எழுந்தோமே என்று நெஞ்சு எரிந்தது.

கண்ணாடியில் பார்த்தாள். கடைக்குள்ளிருந்து மஞ்சள் சட்டை போட்ட ஒருத்தன், டிஷ்யூவில் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தான்.

வந்தவன் கார் கண்ணாடியைத் தட்டினான். பாஸிடம் மன்னிப்புக் கேட்கிற பாவனையில் குனிந்தான்.

கண்ணாடி இறங்கியது.

உள்ளே மேடம். மேடத்தின் கையில் பாஸின் போன்.

"டயர் கடையா?" என்று கேட்டாள் ஷர்மினி.

விஜயனின் கையிலிருந்த டிஷ்யூ கீழே விழுந்தது.

இருபது நிமிஷம் கழித்துக் குணாளன் வெளியே வந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஷர்மினி கண்ணாடியைப் பார்த்து உதட்டுச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். போன் அதன் இடத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் எந்தக் காரும் இல்லை. விஜயனின் கார் சாலையோரம் தள்ளி நின்றது. குணாளன் அவசரமாகப் போனை எடுத்துப் பார்த்தான். காலையில் பெட்ரோல் நிலையத்தில் பேசியதுதான் கடைசி அழைப்பாக இருந்தது.

நிம்மதி.

"வீட்டுக்குத் திரும்பிடலாமாங்க? உங்களுக்கு முடியலையே," என்றாள்.

"இல்ல இல்ல. இவ்வளவு தூரம் வந்துட்டோம். இன்னும் ஒரே ஒரு எடம் பார்த்துட்டுப் போயிடலாம்."

"உங்களுக்கு அவ்வளவு ஆசையா?"

"உனக்காகத்தான் ஷர்மி."

ஷர்மினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மெர்சிங் வருகிற வரைக்கும் தொப்பியை முகத்தில் சாய்த்துக்கொண்டிருந்தாள். தூக்கம் போல என்று குணாளன் நினைத்துக்கொண்டான்.

மெர்சிங் டவுனைத் தாண்டிப் பதினைந்து நிமிஷம். மண்பாதை ஒன்று கடலை நோக்கி இறங்கியது. ஒரு பக்கம் தகரக் கொட்டகையில் இளநீர்க் கடை. மறுபக்கம் புதர் மண்டிய மேடு. மேட்டைச் சுற்றிக்கொண்டு போனால் பாறை முனை. கடையிலிருந்து பார்த்தால் பாறை தெரியாது. அதுதான் அந்த இடத்தின் அழகே.

மாலை நாலு மணி. மணலில் வெயில் சாய்ந்திருந்தது. கடையில் ஆள் இருந்தது. இளநீர் வெட்டுகிற மலாய்க்காரர். பெஞ்சில் ஒரு சீனக் கிழவர். தொப்பியும் அரைக்கால் சட்டையுமாக இரண்டு பேர், வெளியூர்க்காரர்கள் போல.

சாட்சிகள் தயார்!

"நீ போய் முனையில நில்லு ஷர்மி. எளநீ வாங்கிட்டு வந்து போட்டோ எடுக்கிறேன்."

அவள் உடனே போகவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களும் வாங்களேன். சேர்ந்து போலாம்."

"நீ போ. நான் வந்துடறேன்."

"கண்டிப்பா நான் மட்டும் போகணுமா?"

ஒரு கணம்... ஒரே ஒரு கணம் குணாளன் அவளோடு போக ஓரடி எடுத்து வைத்தான். பிறகு ஹார்லிக்ஸ் பாட்டில் ஞாபகம் வந்தது.

"போ ஷர்மி."

அவள் தலையை ஆட்டினாள். திரும்பி நடந்தாள். மேட்டைச் சுற்றிய பாதையில் அவள் தொப்பி கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை. அரை நிமிஷம் கழித்து ஒரு மஞ்சள் சட்டை அதே பாதையில் போனது.

குணாளன் கடைக்காரரிடம் இரண்டு இளநீர் சொன்னான். இரண்டு என்று அழுத்திச் சொன்னான், பின்னால் யாராவது கேட்டால் அவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும். பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தான். என் வீட்டுக்காரி பாறை பார்க்கப் போயிருக்கிறாள், கடல் என்றால் அவளுக்கு உயிர் என்று கேட்காமலேயே சொன்னான்.

ஒரு நிமிஷம்.

மூன்று நிமிஷம்.

ஐந்து நிமிஷம்.

காலையிலிருந்து இழுத்தடித்த சனியன் இப்போதாவது முடியுமா? மறுபடியும் ஏதாவது கல்யாண ஜோடியா? மறுபடியும் ஏதாவது சித்தப்பாவா? அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. சட்டைப் பைக்குள் கையை விட்டுப் போனைப் பிடித்துக்கொண்டான்.

போன் அதிர்ந்தது.

ஒரு தடவை. நின்றுவிட்டது.

மிஸ்டு கால்!

குணாளன் கையிலிருந்த இளநீரைக் கீழே போட்டான். தலையில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டான். ஒரு வாரமாகக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பழகிய கத்தல் அது.

"ஐயோ! என் பொண்டாட்டி விழுந்துட்டா! யாராச்சும் வாங்க... ஷர்மி! ஷர்மி!"

சீனக் கிழவர் எழுந்து நின்றார். கடைக்காரர் கத்தியும் கையுமாக ஓடி வந்தார். தொப்பிக்காரர்களில் ஒருத்தர் குணாளனின் தோளைப் பிடித்தார். நல்ல தமிழ் பேசினார்.

"என்ன சார் ஆச்சு?"

"என் பொண்டாட்டி... பாறையிலேர்ந்து விழுந்துட்டா சார்!"

"எப்ப?"

"இப்பத்தான். கால் வழுக்கி... என் கண்ணால பார்த்தேன்."

"எங்க நின்னு பார்த்தீங்க?"

"இங்க நின்னுதான் சார். கேள்வி கேட்டுட்டு இருக்கீங்களே, போய்க் காப்பாத்துங்க!" குணாளன் மணலில் மண்டியிட்டான். நெஞ்சில் அடித்துக்கொண்டான். "என் தங்கம் போயிட்டாளே... அவ இல்லாம நான் எப்படி இருப்பேன்?"

"இங்கிருந்து பாறை தெரியாதே சார்."

குணாளனின் கை நெஞ்சருகே நின்றது.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். யாரோ உறிஞ்சுகுழலில் இளநீரின் கடைசிச் சொட்டை உறிஞ்சுகிற சத்தம்.

மெல்லத் திரும்பினான்.

புதுத் தொப்பி. உதட்டுச் சாயம். கையில் இளநீர்.

ஷர்மினி!

அவள் மேட்டின் மறுபக்கப் பாதையில் சுற்றிக்கொண்டு வந்து, கொட்டகைக்குப் பின்னால் ஓர் இளநீரை வாங்கிக்கொண்டு நின்று, அவன் கத்தியதை முதலிலிருந்து கடைசி வரை பார்த்திருந்தாள்.

"நான் இன்ஸ்பெக்டர் ஜெயபாலன்," என்றார் தொப்பிக்காரர். தோளைப் பிடித்த பிடியை விடவில்லை. "உங்க மனைவி அந்தச் சாப்பாட்டுக் கடையிலேர்ந்து உங்க போன்லேயே போலீசக் கூப்பிட்டு, விஜயன் காதுல வச்சு, 'நீயே சொல்லு'ன்னு சொல்லியிருக்காங்க. ஓடினா உன் நம்பர், காடி நம்பர், குரல் மூணும் என்கிட்ட இருக்குன்னாங்களாம். அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டான். அப்புறம் உங்க போன்ல அந்தக் கால் எல்லாத்தையும் அழிச்சு வச்சிருக்காங்க. எனக்குத்தான் நம்பிக்கை வரல. மிஸ்டு கால் விட்டா புருஷன் கத்துவாருன்னான். அப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா, சரி விட்டுத்தான் பார்ப்போமேன்னு விட்டோம்."

மேட்டுப் பாதையில் மஞ்சள் சட்டை வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு போலீஸ்காரர்கள். விஜயன் தலையைக் குனிந்துகொண்டு, சாரி பாஸ் என்று முனகினான்.

விலங்கு கிளிக்கென்று பூட்டிக்கொண்டது.

"ஷர்மி... நான்... கேளு ஷர்மி..."

ஷர்மினி கிட்டே வந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. குரல் நடுங்கவில்லை.

"பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே பெட்டியக் கட்டிக்கிட்டுப் போயிருப்பேன். அத சொல்றதுக்கா இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தீங்க?"

குணாளன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அவன் வாங்கிய இரண்டாவது இளநீர் பலகையின் மேல் அப்படியே இருந்தது. ஷர்மினி அதை எடுத்து, குழலைப் போட்டு, விலங்கு மாட்டிய கைகளில் வைத்தாள்.

"தொண்டை வறண்டிருக்கும், குடிச்சுக்குங்க. இன்னும் கோர்ட்டுல வேற கத்த வேண்டியிருக்கு!"